கப்பலில் போட்ட கணக்கு

செம்பட்டி வழியாகக் கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு, மலைமேல் சூரியனை ஆராயும் கூடம் இருப்பது தெரியும். 1901 முதல் அங்கே சூரியனைக் கவனித்து வருகிறார்கள். சூரியனும் ஒரு நட்சத்திரமே. நட்சத்திரம் எரிந்து தீர்ந்தால் என்ன ஆகும்? அதற்குக் கணக்குப் போட்டவர் ஒரு தமிழர். அவர்தான் சந்திரசேகர்.

1910-ல் லாகூரில் பிறந்தார். தந்தைக்கு அங்கே ரெயில்வேயில் உத்தியோகம். சர் சி.வி.ராமன் இவருக்குச் சிற்றப்பா. படித்தது சென்னை மாநிலக் கல்லூரி.

1930-ல் மேல்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அப்போது வயது 19. பயணத்திலேயே கணக்குப் போட்டார். எரிந்து தீர்ந்த நட்சத்திரம் சுருங்கும். மிச்சமுள்ள எடை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்குள் இருந்தால், சுருங்குவது ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் இருந்தால்? அங்கே நிற்காது, மேலும் சுருங்கும்!

சபையில் சிரிப்பு

1935-ல் லண்டன் வானியல் சபையில் இதைச் சொன்னார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். உலகப் புகழ்பெற்ற மேதை. இயற்கை இப்படி நடக்கவே விடாது என்று அவர் கேலி செய்தார். சபை சிரித்தது. 24 வயது வாலிபர் மனம் நொந்து போனார்.

ஆனால் சண்டைக்குப் போகவில்லை. 1937-ல் அமெரிக்கா சென்று வேறு ஆராய்ச்சியில் இறங்கினார். 1944-ல் எடிங்டன் இறந்தபோது, அவரைப் புகழ்ந்து பேசினார். எத்தனை பேருக்கு இந்த மனம் வரும்?

கணக்கு பொய்க்கவில்லை. மிகப் பெரிய நட்சத்திரங்கள் முடிவில் கருந்துளை ஆகின்றன. ஒளிகூட அதிலிருந்து தப்பாது. 1983-ல் நோபல் பரிசு வந்தது. அன்று அவருக்கு 73-வது பிறந்த நாள்! 1995-ல் காலமானார்.

வானத்தில் ஓர் அடுப்பு

1999-ல் அமெரிக்கா ஏவிய எக்ஸ்-ரே தொலைநோக்கிக்கு, அவர் நினைவாக 'சந்திரா' என்று பெயர் வைத்தார்கள். அது பெர்சியஸ் என்னும் நட்சத்திர மண்டலக் கூட்டத்தைப் படம் எடுத்தது. தூரம் சுமார் 25 கோடி ஒளி ஆண்டு.

அதன் நடுவே உள்ளது ராட்சதக் கருந்துளை. அது ஒற்றை நட்சத்திரத்தின் எடை அல்ல; கோடிக்கணக்கான சூரியன்களின் எடை. இழுபட்டு வரும் வாயு எல்லாமே உள்ளே விழுவதில்லை. ஒரு பகுதி சூடேறி, இரு பக்கமும் பீறிட்டு அடிக்கிறது. அதனால் சுற்றியுள்ள வாயுவும் கொதிக்கிறது.

நெய்க்காரப்பட்டிப் பக்கம் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தால் பாகு இறுகுமா? இறக்கி ஆறவைத்தால்தானே கட்டியாகும்! வாயுவும் ஆறினால்தான் நட்சத்திரம் ஆகும். ஆறாவிட்டால் புது நட்சத்திரங்கள் அதிகம் பிறப்பதில்லை. பெரிய மண்டலங்கள் ஓர் அளவுக்கு மேல் வளராமல் நிற்பதற்கு இதுவே முக்கிய காரணம் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

அந்த வாயுவில் எழும்பும் அலைகளை 2003-ல் ஓசையாகக் கணக்கிட்டார்கள். பியானோவின் நடு ஸ்தாயிக்கு 57 ஸ்தாயி கீழே! மனிதக் காதுக்கு எட்டாத சுருதி அது.