புனித தோமாஸ் அக்குவினாஸும் நம் ஐம்புலன்களும்

நற்கருணை ஆசீரின்போது நாம் முழந்தாளிட்டுப் பாடும் ‘தாந்தும் எர்கோ’ கீதம் புனித தோமாஸ் அக்குவினாஸ் இயற்றியது என்பது நெடுநாளைய மரபு. புலன்கள் தவறுமிடத்தில் விசுவாசம் துணை நிற்க வேண்டும் என்பது அதன் கருத்து. புலன்களைத் தாழ்வாக எண்ணியவரோ என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படியல்ல. மனித அறிவு ஐம்புலன்களில்தான் தொடங்குகிறது என்று உறுதியாகப் போதித்தவர் அவர்.

இத்தாலியில் ரொக்கசெக்கா கோட்டையில் 1225-ம் ஆண்டளவில் பிரபுக் குலத்தில் பிறந்தார். 1244-ல் சாமிநாதர் சபையில் சேர்ந்தார். பிச்சையேற்று வாழும் துறவிகளோடு நம் பிள்ளையா என்று வீட்டார் சினந்து, வழிமறித்துப் பிடித்து ஓராண்டளவு காவலில் வைத்தனர். அவர் அசையவில்லை. பின்பு கொலோன் நகரில் புனித பெரிய ஆல்பர்ட்டிடம் பயின்றார். பருத்த உடல், பேசாத வாய்; உடன் மாணவர்கள் ஊமை எருது என்று கேலி செய்தார்களாம்.

அந்நாளில் அறிஞர் பலர், புனித அகுஸ்தீனாரைப் பின்பற்றி, மெய்யறிவு இறையொளியால் உள்ளத்தில் நேரே உதிக்கிறது என்றனர். அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களைப் பாடம் சொல்ல 1210-ல் பாரிஸில் தடையே இருந்தது. தோமாஸோ அந்தக் கிரேக்க ஞானியிடமிருந்து எடுக்க வேண்டியதை அஞ்சாமல் எடுத்தார். பிறவிக் குருடனுக்கு நிறம் இன்னதென்று தெரியாது; ஆன்மா அறிவை மூட்டை கட்டிக்கொண்டு பிறப்பதில்லை. கண் காட்டுவது இந்த மரத்தையும் அந்த மரத்தையும்; மரம் என்றால் என்ன என்பதை அவற்றிலிருந்து பிரித்தெடுப்பது புத்தி. பித்தம் கலங்கியவன் முன்பு கற்றதையும் நினைக்க முடியாமல் போவதை அவர் சான்றாகக் காட்டினார். நோயாளிகளைச் சந்திக்கப் போகையில் நாமும் இதைக் கண்டிருக்கிறோம். பெற்ற மகளையே யாரென்று கேட்கும் முதியவரின் ஆன்மா எங்கும் போய்விடவில்லை. அதற்குத் துணைசெய்யும் உடல்தான் பழுதுபட்டிருக்கிறது.

அருட்சாதனங்களில் தண்ணீர், எண்ணெய், அப்பம், இரசம் ஏன் என்பதற்கும் அவர் விடை இதுவே: காண்பவை வழியாகக் காணாதவற்றுக்கு நடத்தப்படுவது மனித இயல்பு. விசுவாசமுங்கூட காது என்னும் புலன் வழியேதான் நம்மிடம் வருகிறது!

1273 டிசம்பர் 6 அன்று, திருப்பலிக்குப்பின் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். ‘இறையியல் தொகுப்பு’ ஒப்புரவு அருட்சாதனப் பகுதியில் பாதியில் நின்றது. லியோன் பொதுச்சங்கத்துக்குப் போகும் வழியில், 1274 மார்ச் 7 அன்று, ஃபொஸ்ஸனோவா மடத்தில் இறந்தார்.

மூன்றே ஆண்டுகளில், 1277-ல், பாரிஸ் ஆயர் 219 கூற்றுகளைக் கண்டனம் செய்தார். தோமாஸின் போதனையைத் தொட்டவையும் அவற்றில் இருந்தன. 1323-ல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அதன் பின்னரே, 1325-ல், அவரைப் பொறுத்தமட்டில் அக்கண்டனம் நீக்கப்பட்டது. 1567-ல் மறைவல்லுநர் பட்டம் வந்தது. முன்பு மார்ச் 7-ல் வந்த அவர் விழாவை இப்போது நாம் ஜனவரி 28-ல் கொண்டாடுகிறோம். 1369-ல் அவரது திருப்பண்டங்கள் துலூஸ் நகருக்கு வந்து சேர்ந்த நாள் அது.