செடிகளுக்குப் பெயர் சூட்டியவர்

விவிலியத்தின் தொடக்கநூலில், முதல் மனிதன் உயிரினங்களுக்குப் பெயரிடுவதைக் காண்கிறோம். பெயரிடுவது அதிகாரம் மட்டுமல்ல, பொறுப்பும்கூட. அந்தப் பொறுப்பைத் தம் வாழ்நாள் பணியாக ஏற்றவர் சுவீடன் நாட்டின் கார்ல் லின்னேயஸ். அவருடைய வாழ்வை இன்று சிறிது சிந்திப்போம்.

1707ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் தெற்கு சுவீடனில் ஒரு சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை நில்ஸ், லூத்தரன் சபைப் போதகர். தோட்டக்கலையில் பேரார்வம் உள்ளவர். குடும்ப நிலத்தில் நின்ற லிண்டன் மரத்தின் பெயரால்தான் தமக்கு லின்னேயஸ் என்ற குடும்பப் பெயரை அவர் அமைத்துக்கொண்டார். மகனும் போதகராக வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். ஆனால் சிறுவனின் மனமோ செடிகொடிகளிலேயே இருந்தது. இவன் அப்பணிக்கு ஏற்றவன் அல்ல என்று ஆசிரியர்கள் சொல்ல, தந்தை மனமுடைந்தார். அப்போது ரோத்மன் என்ற மருத்துவர் குறுக்கிட்டு, பையனை மருத்துவம் படிக்க வைக்கலாம் என்று தேற்றினார்.

1728இல் உப்சாலா பல்கலைக்கழகத்திற்கு வந்த லின்னேயஸ் வறுமையில் வாடினார். அங்கே ஓலோஃப் செல்சியஸ் என்ற இறையியல் பேராசிரியர் அவருடைய தாவர அறிவைக் கண்டு வியந்து, தம் வீட்டில் இடமும் உணவும் தந்தார். அந்த உதவி இல்லாதிருந்தால் இந்த வரலாறே இல்லை எனலாம்.

அந்நாள்களில் மருந்துகளில் பெரும்பாலானவை செடிகளிலிருந்தே கிடைத்தன. செடி மாறினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் ஒரே செடியை ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு விதமாக அழைத்தது. கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் தாவரங்களை மரம், புதர், செடி எனப் பிரித்திருந்தார். 1583இல் இத்தாலியரான செசல்பினோ, கனியையும் விதையையும் கொண்டு வகைப்படுத்தினார். இவர் பின்னாளில் திருத்தந்தை 8ஆம் கிளமெண்டின் மருத்துவராக இருந்தவர். ஆங்கிலேயரான ஜான் ரேயும் பிரெஞ்சுக்காரரான டூர்னஃபோரும் மேலும் முயன்றனர். ஆயினும் குழப்பம் தீரவில்லை.

1735இல் லின்னேயஸ் ஒரு சிறு நூலை வெளியிட்டார். பூவின் மகரந்தத் தாள்களை எண்ணுங்கள், அதைக் கொண்டு தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரிக்கலாம் என்றார். எண்ணத் தெரிந்த எவரும் செடியை அடையாளம் காணும் வழி பிறந்தது. 1753இல் வந்த அவருடைய பெருநூலில் சுமார் 6,000 தாவரங்கள் இடம்பெற்றன. ஒவ்வொன்றுக்கும் இரு சொற்களில் ஒரு பெயர். முள்ளில்லாத மென்தண்டும் சிறகுபோல் பிளவுபட்ட இலைகளும் உடையது என்று நீட்டி முழக்கப்பட்ட தக்காளி, சொலானம் லைகோபெர்சிகம் ஆயிற்று.

பலரின் நினைவையும் அவர் பெயர்களில் பதித்தார். மணிலாவில் மருந்தாளராக நோயாளிகளுக்குத் தொண்டாற்றி, அந்நாட்டுச் செடிகளை வரைந்து அனுப்பிய இயேசு சபை அருள்சகோதரர் கமெல் 1706இல் இறந்தார். அவர் நினைவாக ஒரு தாவரக் குடிக்கு கமெலியா என்று பெயரிட்டார். பிற்காலத்தில் தேயிலையும் அதே குடியில் சேர்க்கப்பட்டது. நாம் அருந்தும் தேநீரிலும் அந்த எளிய சகோதரரின் பெயர் இருக்கிறது.

ஆனால் மகரந்தத் தாள் கணக்கில் ஒரு குறை இருந்தது. நெல்லின் பூவில் ஆறு தாள்கள், கோதுமையில் மூன்று. எனவே ஒரே புல் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டும் வெவ்வேறு வகுப்புகளுக்குப் போயின. நெல்லோ வெங்காயத்தின் வகுப்பில் சேர்ந்தது! லின்னேயஸ் தம் முறை செயற்கையானது என்று அறிந்திருந்தார். இயற்கையான உறவுகளைக் காண்பதே உண்மையான இலக்கு எனக் கூறி, 1738இலேயே அதற்கான முதல் முயற்சியையும் வெளியிட்டார். 1789இல் ஜூசியூ பல பண்புகளைச் சேர்த்துப் பார்த்துக் குடும்பங்களை வகுத்தார். 1859இல் டார்வின் அந்த உறவுகளுக்குப் பொது மூதாதையர் வழி விளக்கம் தந்தார். 1998 முதல் மரபணு ஆய்வின் அடிப்படையில் புதிய வகைப்பாடு எழுந்துள்ளது. லின்னேயஸின் 24 வகுப்புகள் மறைந்தன. இரு சொற்பெயர்கள் நிலைத்தன.

ஆனால் மற்றொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. மனிதரையும் அவர் நான்கு வகைகளாகப் பிரித்தார். 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் ஐரோப்பியருக்கு அறிவுக்கூர்மையையும், ஆப்பிரிக்கருக்குச் சோம்பலையும், ஆசியருக்குப் பேராசையையும் குணமாக எழுதினார். அவர் ஆப்பிரிக்காவையோ ஆசியாவையோ கண்டதில்லை. செடிகளிடம் காட்டிய பணிவை மனிதரிடம் அவர் காட்டவில்லை. அந்தப் பிரிவினை பின்வந்த இனவெறிக்குத் துணைபோனது.

1774இலும் 1776இலும் அவரைப் பக்கவாதம் தாக்கியது. தம் நூல்களையே படித்து வியந்தார். எழுதியவர் தாம்தான் என்பது அவருக்கு நினைவில்லை. 1778 சனவரி 10ஆம் நாள் மறைந்தார். உப்சாலா பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அன்பார்ந்தவர்களே, பிரித்தறிவது அறிவு. பிரித்து வைப்பது வேறு. தம் கணக்கு தற்காலிகமானது என்று லின்னேயஸ் ஏற்ற இடத்தில் அறிவு வளர்ந்தது. முடிந்த முடிவாகத் தீர்ப்பிட்ட இடத்தில் மனிதர் காயப்பட்டனர். சாதி, நிறம், ஊர் என்று நாம் பிறர்மேல் ஒட்டிய பெயர்கள் எத்தனை? அவற்றுள் எதை இன்று நாம் கிழித்தெறியப் போகிறோம்?