தங்கத் தாத்தாவும் இடம்பெயர்ந்த பிள்ளைகளும்

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, எமது வகுப்புத் தோழியர் எல்லோருக்கும் ஒரே பெயர்தான் நினைவில் எழுந்தது. அவர் எமது பாடசாலைக்கு வந்தவர் அல்லர். நாம் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மறைந்துவிட்டவர். ஆயினும் 1990களில் இந்தப் பாடசாலையில் படித்த எமக்கு அவர் ஒரு வகுப்பாசிரியரைப் போலவே இருந்தார். அவர்தான் தங்கத் தாத்தா என்று ஈழத்துச் சிறுவர்கள் அன்போடு அழைத்த நவாலியூர் சோமசுந்தரப் புலவர்.

புலவர் அவர்கள் 1878ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி யாழ்ப்பாணத்து நவாலியில் பிறந்தார். நவாலி மானிப்பாயை அடுத்த ஊர். வயலும் பனந்தோப்பும் கோயில்களும் நிறைந்தது. தந்தையார் கதிர்காமர், தாயார் இலக்குமிப்பிள்ளை. வளர்ந்தபின் வட்டுக்கோட்டையில் ஆசிரியப் பணி ஏற்று, இன்று வட்டு இந்துக் கல்லூரி எனப்படும் கல்விக்கூடத்தில் நீண்ட காலம் கற்பித்தார். பகலில் பிள்ளைகளோடு பாடமும் மற்றைய வேளைகளில் இறைவனோடு பாட்டும் என்று கழிந்தது அவர் வாழ்வு.

மரபுத் தமிழில் அவருக்கிருந்த ஆற்றல் பெரிது. அட்டகிரி முருகன்மீது கலம்பகம் பாடினார். கதிர்காமக் கந்தன்மீது சிலேடை வெண்பா பாடினார். பனைமரத்தின் பெருமையைத் ‘தாலவிலாசம்’ ஆக்கினார். ‘இலங்கை வளம்’, ‘நாமகள் புகழ்மாலை’, ‘உயிரிளங்குமரன்’ என்னும் நாடகம் என அவர் செய்த நூல்கள் பல. அவர்தம் மக்களுள் இளமுருகனார் தமிழறிஞராகவும், நவாலியூர் சோ. நடராசன் எழுத்தாளராகவும் வானொலிப் பணியாளராகவும் விளங்கினர்.

ஒரு சொல்லுக்கு இரு பொருள் வைத்து வெண்பா யாக்க வல்ல ஒருவர், தோட்டத்தில் நிற்கும் வெருளியைப் பற்றியும் கூழ் காய்ச்சுவதைப் பற்றியும் பாட ஏன் முன்வந்தார்? அந்நாளில் சிறு பிள்ளைகள் பள்ளியில் மனனம் செய்தவை பெரும்பாலும் நீதி நூல்களே. அவை உயர்ந்தவைதாம். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவற்றின் பொருள் விளங்குவது பிற்காலத்தில்தான். பிள்ளை வாயில் வைத்தவுடன் இனிக்கின்ற பாட்டு வேண்டும் என்பதை வகுப்பறையில் நின்ற ஆசிரியர் உணர்ந்திருப்பார் என்றே நாம் எண்ணுகிறோம். அவர் பாடிய சிறுவர் பாடல்கள் ‘சிறுவர் செந்தமிழ்’ என்ற பெயரில் நூலாயின. பாடப் புத்தகங்களிலும் இடம்பெற்றுத் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டன.

அவற்றுள் ‘ஆடிப்பிறப்பு’ பாடலை அறியாத ஈழத்துத் தமிழ்ப் பிள்ளை அரிது. அடுத்த நாள் பள்ளி விடுமுறை என்ற மகிழ்ச்சியில் ஒரு பிள்ளை தன் தோழர்களைக் கூப்பிடுகிறது. பயறு, மா, தேங்காய், பனங்கட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து வீட்டில் கூழும் கொழுக்கட்டையும் ஆகின்றன. எல்லோரும் கூடியிருந்து உண்கிறார்கள். அவ்வளவுதான் பாட்டு. அதில் அறிவுரை எதுவும் இல்லை. ‘பவளக்கொடி’ பருத்தித்துறையில் பால் விற்கப் போகும் பெண், வரப்போகும் செல்வத்தைக் கனாக் கண்டு பாலை இழந்த கதை. ‘கத்தரி வெருளி’யோ கூலி கேட்காமல், உறங்காமல், கத்தரித் தோட்டத்தைக் காத்து நிற்கும் ஒரு காவலாளியின் புகழ். அவன் வைக்கோல் ஆள் என்று தெரியும்போது பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

புலவர் 1953ஆம் ஆண்டு யூலை மாதம் 10ஆந் திகதி இறைவனடி சேர்ந்தார். அதே ஆண்டில் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் சிறுவர் நூல்களுக்கான அனைத்துலகச் சபை ஒன்று தொடங்கப்பட்டது. அதன் மூலவர் யெல்லா லெப்மன் என்னும் அம்மையார். இட்லரின் ஆட்சியில் நாடு விட்டு ஓடிய யூதப் பெண்மணி அவர். போர் முடிந்ததும் யேர்மனிக்குத் திரும்பி வந்து, இடிந்த நகரங்களில் பசியோடு திரிந்த பிள்ளைகளுக்கு உணவோடு நூல்களும் வேண்டும் என்று வாதாடினார். பல நாடுகளுக்கு எழுதிச் சிறுவர் நூல்களை வருவித்து, 1946இல் மியூனிக் நகரில் கண்காட்சி வைத்தார். 1949இல் அங்கேயே அனைத்துலக இளையோர் நூலகத்தைத் திறந்தார். புலவரும் அந்த அம்மையாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் அல்லர். ஆனால் அம்மையார் தம் நாட்டில் கண்ட தேவை, புலவர் மறைந்து முப்பது ஆண்டு கழியுமுன் எமது நாட்டுக்கும் வந்தது.

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அங்கே சிறுவர் பகுதியில் கால் மடித்திருந்து படித்த பிள்ளைகள் இன்று பேரப்பிள்ளை கண்டவர்கள். 1983இல் ஆடிப்பிறப்புக்குக் கூழ் குடித்து ஒரு கிழமை சென்றதும் கொழும்பில் ஆடிக் கலவரம் மூண்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடிழந்தோர் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முதலான இடங்களில் தங்கியிருந்து, பின்னர் பலர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். எமது மூத்த அக்காமார் பலர் அக்கப்பல்களில் போனவர்கள். உடுத்த உடையோடு ஏறியவர்களிடம் புத்தகம் ஏது?

1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் பற்றரியும் கடதாசியும் கிடைப்பது அருமை. பத்திரிகைகள் கொப்பித் தாளில் அச்சாயின. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சிறிதளவு மண்ணெண்ணெயில் எரியும் விளக்கின் முன் பிள்ளைகள் படித்தார்கள். ஒரே புத்தகத்தை நாலைந்து பேர் சுற்றியிருந்து, எதிர்ப்பக்கம் இருப்பவர் தலைகீழாகவே வாசித்துப் பழகியதை எமது தோழியர் சொல்லியிருக்கின்றனர். எண்ணெய் முடிந்தால் விளக்கு அணையும். பிறகு இருட்டில் பாடமாக்கிய பாட்டைச் சொல்வதுதான். பதுங்குகுழிக்குள்ளும் அதுவே வழி.

1995ஆம் ஆண்டு யூலை மாதம் 9ஆந் திகதி, இராணுவ நடவடிக்கைக்கு அஞ்சி ஓடி வந்த மக்கள் நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த வேளை விமானக் குண்டு வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பிள்ளைகளும் இருந்தனர். மறுநாள் புலவரின் நினைவு நாள். அடுத்து சில நாளில் ஆடிப்பிறப்பு. அந்த ஆண்டு நவாலியில் யார் கூழ் காய்ச்சியிருப்பார்கள்? அதே ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். சுமக்க முடியாமல் வழியில் விட்டவற்றுள் புத்தகப் பைகளும் இருந்தன.

மறு ஆண்டு, வன்னி சென்று வவுனியா வழியாகக் கொழும்பு வந்த குடும்பங்கள் வெள்ளவத்தை லொட்ஜுகளில் ஓர் அறைக்குள் ஆறு ஏழு பேராகத் தங்கியிருந்தன. அங்கிருந்து பிள்ளைகள் எமது வகுப்புகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்தவர்களுள் நவாலிப் பிள்ளை ஒருத்தியும் இருந்தாள். பெயரை இங்கு சொல்லவில்லை. அவளிடம் பழைய கொப்பி ஒன்றுகூட இல்லை. இரத்மலானையில் இறங்கும் விமானத்தின் சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போய்விடுவாள். நாம் முதலில் சிரித்தோம். இன்று அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

தமிழ்த்தினப் போட்டிக்கு எமது வகுப்பு ‘ஆடிப்பிறப்பு’ பாடலைக் குழுவாகப் பாட ஆயத்தமானது. எம்முள் பாதிப்பேர் கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் பிறந்து வளர்ந்தவர்கள். பனங்கட்டியைக் கடையில் கண்டிருப்போம், பனந்தோப்பைக் கண்டதில்லை. அவள் வரிசையில் நின்றாள். ஆனால் வாய் திறக்கவில்லை. ரீச்சர் அவளை வற்புறுத்தவில்லை. புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, மற்றவர்கள் பிழை விட்டால் சொல்லும்படி மட்டும் கேட்டார். இரண்டு நாள் அவள் புத்தகத்தைப் பார்த்தபடி நின்றாள். மூன்றாம் நாள் நாம் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தபோது தலையை நிமிர்த்தித் திருத்தினாள். பிறகு இன்னொன்றைத் திருத்தினாள். அப்போதுதான் கவனித்தோம், அவள் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. அது அவள் கையில் மூடியபடி இருந்தது. பாட்டு முழுவதும் அவளுக்கு மனத்தில் இருந்தது.

போட்டி நாளில் அவளும் பாடினாள். இடைவேளைகளில் பயற்றை எப்படி வறுப்பது, பலா இலையை மடித்துக் கூழ் குடிப்பது எப்படி என்று எமக்குச் சொல்லித் தந்தாள். வீடும் தோப்பும் பாடசாலையும் போன பின்னும் எமக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்ற நிமிர்வு அவள் முகத்தில் வந்தது. ‘கத்தரி வெருளி’யைப் பாடியபோதோ எல்லோருமே சிரித்தோம். காலி வீதியில் சந்திக்குச் சந்தி காவலரணும் அடையாள அட்டைச் சோதனையுமாக இருந்த காலம் அது. சிரிக்கத்தக்க ஒரு காவற்காரனைப் புலவர்தாம் எமக்குத் தந்தார்.

பாட்டு அவளைக் குணமாக்கியது என்று நாம் சொல்ல மாட்டோம். அதன் பிறகும் விமானச் சத்தம் கேட்டால் அவள் குனிந்தாள். இழந்த உறவுகளை எந்த நூலும் மீட்டுத் தராது. ஆனால் குண்டு விழாத ஓர் ஊர் அவளுக்குள் இருந்தது. அதற்கு அவள் எங்களையும் கூட்டிப் போனாள். ஒரு பிள்ளை அகதி என்ற பெயரோடு வந்து, எமக்குப் பாடம் சொல்பவளாக மாறியதை நாம் கண்ணால் கண்டோம்.

இதனாற்றான் புலவரின் வரலாற்றை இம்மலரில் எழுத விரும்பினோம். அவர் போருக்கென்று எதுவும் பாடவில்லை. அமைதியான ஊரில், விடுமுறையும் விருந்தும் உள்ள பிள்ளைகளுக்காகப் பாடினார். அந்த ஊர் இல்லாமற்போன நாளில் அப்பாட்டுகளின் பெறுமதி பன்மடங்காயிற்று. பிள்ளைகளுக்குத் துன்பம் வந்த பின் ஆறுதல் நூல் தேடி ஓடுவது நல்லதே. அதனினும் நல்லது, நல்ல நாளிலேயே நல்ல பாட்டையும் கதையையும் அவர்கள் மனத்தில் போட்டு வைப்பது. மனத்தில் உள்ளதைத் தீ தொடாது. இடம்பெயரும்போது அதற்குச் சுமையும் இல்லை.

சங்கத்தின் நூற்றாண்டையொட்டி எமது வகுப்பினர் பாடசாலை நூலகத்தில் சிறுவர் பகுதிக்குப் புதிய அலுமாரி ஒன்றும் நூல்களும் வழங்குகின்றோம். அதில் முதலில் வைக்கப்படுவது ‘சிறுவர் செந்தமிழ்’. ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளிடம் எமது பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் இப்பாடசாலையை விட்டுப் போகுமுன் தங்கத் தாத்தாவின் பாட்டு ஒன்றையேனும் புத்தகம் பாராமல் சொல்லப் பழகட்டும். அந்தத் தோழி இப்போது கடல் கடந்து வாழ்கிறாள். ஆடி முதலாந் திகதி அவள் வீட்டிலும் கூழ் காய்ச்சுகிறாள். பாட்டைத் தன் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். புலவருக்கு எமது சங்கம் செலுத்தும் அஞ்சலியாக அதையே இங்கு பதிவு செய்கிறோம்.