தில்லையாடி வள்ளியம்மை

ஐரோப்பாவின் ஏழை ஜனங்கள் ஆலை வேலை தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறிய காலத்தில், நம் தமிழ் ஜனங்களும் கப்பலேறினார்கள். 1860 முதல் 1911 வரை சுமார் 1,50,000 இந்தியர் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். கரும்புத் தோட்டத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்தும் அங்கே தங்கியவர் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி கட்டவேண்டியதாயிற்று. பின்னர் 13 வயதுப் பெண்பிள்ளைக்கும் அவ்வரி விதிக்கப்பட்டது.

வள்ளியம்மை 1898-ல் ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்தாள். பூர்வீகம் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடி. தகப்பனார் வியாபாரி, ஆகவே அந்த வரி அவள் வீட்டைத் தொடவில்லை.

1913 மார்ச்சில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடந்த விவாகமே செல்லும் என்றது. கோவிலில் கைப்பிடித்த குடும்பங்களுக்குக் குறையில்லை. ஆனால் அண்டை வீட்டு இந்து, இஸ்லாமியத் தாய்மார் ஒரே நாளில் மனைவி என்னும் உரிமையை இழந்தார்கள்.

வரியையும் தீர்ப்பையும் எதிர்த்துக் காந்தியடிகள் அறப்போர் நடத்தினார். வள்ளியம்மையும் தாயாருடன் அனுமதியின்றி எல்லை கடந்தாள். டிசம்பரில் அவளுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டு, எலும்பும் தோலுமாக வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-ல் உயிர் நீத்தாள். வயது 16.

அவ்வாண்டே புதிய சட்டம் தலைவரியை நீக்கியது. ஒரே மனைவியுள்ள அவ்விவாகங்களையும் ஒப்புக்கொண்டது. 1915-ல் காந்தியடிகள் தில்லையாடிக்கே வந்தார்.

கடல் கடந்து பிழைக்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு. தன்மேல் விழாத சுமையைத் தோளில் ஏற்ற இந்தப் பெண்ணின் கதையை அவர்களுக்குச் சொல்லி அனுப்புவோம்.