பயிரின் பசி அறிந்த லீபிக்

செருமனி நாட்டின் டார்ம்ஸ்டாட் நகரில், 1803ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் யுஸ்டுஸ் லீபிக் பிறந்தார். அவர்தம் தந்தையார் வண்ணங்களும் வேதிப்பொருள்களும் விற்ற வணிகர். அவருடைய பட்டறையே சிறுவனுக்கு முதல் ஆய்வகம் ஆயிற்று. 1816இல் ஐரோப்பாவில் கோடைக்காலம் குளிரிலேயே கழிந்தது. விளைச்சல் பொய்த்தது, மக்கள் பசியால் வாடினர். அப்போது லீபிக்குக்கு வயது 13.

பின்னர்ப் பாரிசு நகரில் கேலூசாக் என்னும் அறிஞரிடம் வேதியியல் பயின்றார். 1824இல், தம் 21ஆம் வயதில், கீசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

வேதிவினையில் பொருள்கள் குறிப்பிட்ட விகிதத்தில்தான் சேரும். 2 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்தால் 18 கிராம் நீர் உண்டாகும். ஹைட்ரஜனை 4 கிராமாக உயர்த்தினாலும், ஆக்சிஜன் 16 கிராமே இருந்தால், நீரின் அளவு கூடாது. 2 கிராம் ஹைட்ரஜன் எஞ்சி நிற்கும். எடையில் மிகுந்திருந்தும் இங்கு முதலில் தீர்வது ஆக்சிஜனே. அவ்வாறு முதலில் தீர்ந்து, விளைபொருளின் அளவை முடிவு செய்யும் பொருளை வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்பர்.

வயலிலும் இதனையொத்த விதி உண்டு. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவற்றுள் தேவைக்கு மிகக் குறைவாக உள்ளதே விளைச்சலின் எல்லையாகும். மற்றவை மிகுந்திருந்தும் பயனில்லை. கார்ல் ஸ்பிரெங்கல் முன்னரே கூறிய இக்கருத்தை, லீபிக் தம் நூல்களின் வழியே உலகறியச் செய்தார்.

எனினும், 1845இல் அவர் உருவாக்கிய உரம் பயிர்களுக்கு உதவவில்லை. மழைநீர் அடித்துச் செல்லாதிருக்க, அதனை எளிதில் கரையாதபடி அமைத்திருந்தார். ஆகவே, வேர்களால் சத்தை உறிஞ்ச இயலவில்லை. தழைச்சத்தைக் காற்றும் மழையுமே போதிய அளவு தரும் எனவும் அவர் கருதினார். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வயல்களில் லாசு, கில்பர்ட் என்னும் இருவர், கோதுமைக்குத் தழைச்சத்தும் இடவேண்டும் என மெய்ப்பித்தனர். குறைவானதைத் தேடச் சொன்னவரே, தம் உரத்தில் குறைந்திருந்ததைக் காணத் தவறினார்.

உரத்தைக் கரையாதபடி செய்தது பிழையே என்பதை, 1862இல் வெளிவந்த தம் நூற்பதிப்பில் லீபிக் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1873ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் மியூனிக் நகரில் அவர் மறைந்தார். மண்ணில் எது குறைகிறது என ஆராய்ந்து, அதனை இடும் வழக்கம் இன்றும் உழவர்க்குத் துணைநிற்கிறது.