நாற்றங்கால் போட்ட மனிதர்

பேஸ்பால் என்றால் நம்மில் பலருக்கு இங்கிலீஷ் சினிமாவில் பார்த்த விளையாட்டு, அவ்வளவுதான். ஆனாலும் நண்பர்களே, கையில் காசில்லாத ஒரு கிளப்பைச் சாம்பியன் ஆக்கிய பிராஞ்ச் ரிக்கியின் கதை, டிப்ளமோ படிக்கிற நமக்கு ரொம்பவே பொருந்தும்.

1881-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஸ்டாக்டேல் என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கிராமப் பள்ளியில் வாத்தியாராக இருந்து காசு சேர்த்துத்தான் காலேஜுக்குப் போனார். ஆட்டக்காரராக அவர் சோபிக்கவில்லை. நின்ற இடம் கேட்சர், நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி. 1907-ல் ஒரே மேட்சில் எதிரணி 13 முறை அவரை ஏமாற்றி அடுத்த பேஸுக்கு ஓடிவிட்டது! பிறகு காசநோய் வேறு. மீண்டு வந்து 1911-ல் சட்டப் படிப்பை முடித்தார். ஆனால் மனசு பேஸ்பாலையே சுற்றியது.

1917-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கிளப்பின் பொறுப்பை ஏற்றார். கஜானாவோ காலி. சின்ன ஊர் கிளப்பில் நல்ல பையனைக் கண்டுபிடித்து இவர் விலை கேட்டால், அந்த ஓனர் பெரிய கிளப்புக்குச் சேதி சொல்லிவிடுவார். ரிக்கியே கேட்கிறார் என்றால் பையன் கெட்டிக்காரன்தான் என்று அவர்கள் கூடுதல் பணம் கொடுத்துக் கொத்திக்கொண்டு போவார்கள்.

நாற்றை விலைக்கு வாங்க முடியாதவன் என்ன செய்வான்? தானே நாற்றங்கால் போடுவான். ரிக்கியும் அதைத்தான் செய்தார். ஹூஸ்டன், சிரக்யூஸ் போன்ற ஊர்களின் சிறிய கிளப்புகளில் பங்கு வாங்கினார். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தேர்வு முகாம்கள் நடத்தினார். அங்கே முதலில் பார்த்தது கால் வேகத்தையும் கை வலுவையும். மற்றதைப் படிப்படியாகப் பழக்கிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. ஒருகட்டத்தில் 30-க்கும் மேற்பட்ட கிளப்புகள் அவர் கையில் இருந்தன. 1926, 1931, 1934, 1942 என்று நான்கு முறை கார்டினல்ஸ் உலகத் தொடரை வென்றது.

ஸ்டான் மியூசியல் கதையைக் கேளுங்கள். பந்து எறிபவராகச் சேர்ந்த பையன். 1940-ல் தோளில் அடிபட்டு எறிய முடியாமல் போனது. வேறு இடமென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இங்கே மட்டையைக் கொடுத்துப் பழக்கினார்கள். ஏழு முறை பேட்டிங்கில் முதலிடம் பிடித்தார்!

இதில் உறுத்தும் விஷயமும் உண்டு. நூற்றுக்கணக்கான பையன்கள் குறைந்த சம்பளத்தில், வேறு கிளப்புக்கும் போக முடியாமல் ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடந்தார்கள். 1938-ல் கமிஷனர் லாண்டிஸ் தலையிட்டு 70-க்கும் மேற்பட்டவர்களை விடுவித்தார். அது நியாயம்தான் என்பேன்.

1942-ன் கடைசியில் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்குப் போனார். சுமார் 60 வருடங்களாகக் கறுப்பினத்தவருக்கு மேல்மட்ட லீக்கில் இடமே இல்லை. அதை உடைத்து ஜாக்கி ராபின்சனை எடுத்தார். 1946 முழுக்க மாண்ட்ரியால் கிளப்பில் பக்குவப்படுத்தி, 1947 ஏப்ரல் 15-ல் களமிறக்கினார். திறமைக்குத் தோல் நிறம் ஏது?

1955-ல் புரூக்ளின் உலகத் தொடரை வென்றபோது ரிக்கி அங்கே இல்லை, பிட்ஸ்பர்கில் இருந்தார். அங்கே அவர் 1954-ல் எடுத்த ராபர்ட்டோ கிளமென்டே 1960-ல் கோப்பையை வென்ற அணியில் ஆடினார். அப்போதும் ரிக்கி அங்கே இல்லை. நாற்று விட்டவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்! 1965 டிசம்பர் 9-ல் காலமானார்.

எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னை மாதிரி ஆட்களுக்குத் திறமை இருக்கா என்பதைவிட, அதைப் பார்க்க ஒருத்தர் வந்தாரா, பழக ஓர் இடம் கிடைத்ததா என்பதே பெரிய கேள்வி. நாளைக்கு நாமும் சூப்பர்வைசராக நிற்போம். லேத்தில் கை சரியாக வராத அப்ரண்டிஸ் பையனை விரட்டும் முன், வேறு மெஷினில் ஒரு தடவை நிறுத்திப் பார்ப்போமே!