1,011 யானைகள்... கையில் ஒரு சின்ன ரைஃபிள்: யார் இந்த 'கரமோஜோ' பெல்?

போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனுக்குத்தான் பரணி பாட வேண்டும் என்பது தமிழ் இலக்கணம் வகுத்த விதி. அந்த ஆயிரம் என்ற எண்ணை நிஜமாகவே தாண்டிய ஒருத்தர் இருந்தார். ஆனா அவர் அரசர் இல்லை, அது போர்க்களமும் இல்லை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தந்தத்துக்காக ஆப்பிரிக்கக் காடுகளில் அலைந்த ஸ்காட்லாந்துக்காரர் வால்டர் டால்ரிம்பிள் மெய்ட்லண்ட் பெல். அவர் சுட்ட யானைகளின் கணக்கு 1,011.

வேட்டைத் துப்பாக்கி பற்றிப் பேசுகிறவர்கள் இன்னைக்கும் பெல் பெயரை எடுக்கிறார்கள். காரணம் இந்த எண்ணிக்கை மட்டும் இல்லை. யானையைச் சுட பீரங்கி மாதிரி துப்பாக்கி வேணும் என்று பெரும்பாலானோர் நம்பிய காலத்தில், மான் வேட்டைக்குக் கொண்டு போகும் அளவிலான ரைஃபிளை அவர் எடுத்துக்கொண்டு போனார்.

ஏன் அப்படி ஒரு தேர்வு? அது சரிதானா? இன்று அதே ரைஃபிளோடு ஒருத்தர் ஆப்பிரிக்கா போனால் என்ன ஆகும்?

யார் இந்த பெல்?

1880-ல் எடின்பரோ அருகே ஒரு வசதியான குடும்பத்தில் பிறந்தவர். இரண்டு வயதில் அம்மாவையும், ஆறு வயதில் அப்பாவையும் இழந்தார். அண்ணன்கள்தான் வளர்த்தார்கள். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவே இல்லை. பல முறை ஓடிப்போனார். 13 வயதில் கப்பல் ஏறிவிட்டார்.

16 வயதில் ஆப்பிரிக்கா. அப்போது மொம்பாசாவில் இருந்து உகாண்டா ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் இருந்து கொண்டுபோகப்பட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை செய்த அதே பாதைதான். அங்கே சிங்கங்களைச் சுடும் வேலை பெல்லுக்குக் கிடைத்தது. கையில் இருந்தது ஒரே ஒரு தோட்டா போடும் .303 ரைஃபிள். ஒரு தடவை சுட்டால், அடுத்த தோட்டாவைக் கையால் போட வேண்டும். எதிரே சிங்கம் நிற்கும்போது அந்த சில நொடிகள் எவ்வளவு நீளம் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு தங்கம் தேடி கனடாவின் யூகான் பகுதிக்குப் போனார். தங்கத்தை விட, டாசன் நகரத்துக்கு வேட்டை இறைச்சி கொடுத்துத்தான் வயிறு வளர்ந்தது. அங்கிருந்து கனடா படையில் சேர்ந்து போயர் போருக்கு மறுபடி ஆப்பிரிக்கா. குதிரை சுடப்பட்டு விழ, எதிரிகளிடம் சிக்கி, தப்பியும் வந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்தப் போரில் போயர்கள் கையில் இருந்தது ஜெர்மனியின் மவுசர் ரைஃபிள், 7 மில்லிமீட்டர் தோட்டா. பிரிட்டிஷ் படையைத் திணறடித்த அதே தோட்டாவைத்தான் பெல் பிற்பாடு தன் தொழிலுக்கு எடுத்துக்கொண்டார்.

'கரமோஜோ' என்ற பெயர் எப்படி வந்தது?

போர் முடிந்ததும், 1902-ல் இருந்து தந்த வேட்டையே அவர் தொழில் ஆனது. இன்றைய உகாண்டாவின் வடகிழக்கில் இருக்கும் கரமோஜா பகுதிக்குப் போனார். மாடு வளர்க்கும் மக்கள் வாழும் வறண்ட நிலம். அரசு நிர்வாகம் என்று எதுவும் அன்றைக்கு அங்கே கிடையாது. அங்கே வேட்டையாடிய வருஷங்கள்தான் அவருக்கு 'கரமோஜோ' பெல் என்ற பெயரைக் கொடுத்தன. சூடான், எத்தியோப்பியா, காங்கோ, லைபீரியா என்று அதற்கப்புறம் போன இடங்கள் பல.

அந்தக் காலத்து வழக்கம் என்ன?

யானை வேட்டை என்றால் லண்டன் கடைகளில் கிடைக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கிதான் பெருமை. அதில் .577 என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியின் எடை கிட்டத்தட்ட 6 கிலோ. ஒரு குண்டின் எடை மட்டுமே சுமார் 49 கிராம். சுட்டால் தோள்பட்டையில் கழுதை உதைத்த மாதிரி இருக்கும். இரண்டே தோட்டாதான். விலையோ, ஒரு சாதாரண மவுசரைப் போலப் பல மடங்கு.

இவ்வளவு கனத்தை யாரும் நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. அதனால் துப்பாக்கி தூக்க ஒரு ஆள் பின்னால் வருவார். யானை எதிரே வரும்போது துப்பாக்கி இன்னொருத்தர் கையில் இருக்கும். அந்த ஆள் பயந்து ஓடிவிட்டால் கதை முடிந்தது.

போல்ட் ஆக்‌ஷன்னா என்ன?

கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்தால் சுட்டு முடித்த வெற்றுத் தோட்டா வெளியே வந்து விழும். முன்னால் தள்ளினால் அடியில் இருக்கும் அறையில் இருந்து அடுத்த தோட்டா குழாய்க்குள் போகும். கைப்பிடியை இறக்கினால் பூட்டிக்கொள்ளும்.

ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் ஊரில் மவுசர் தொழிற்சாலை இதைக் கிட்டத்தட்ட முழுமையாக்கியது. 1898 மாடலில் ஒரு பெரிய நகம் மாதிரியான உலோகப் பட்டை இருக்கும். தோட்டா கிளம்பும் நொடியில் இருந்து வெளியே விழும் வரை அது தோட்டாவின் விளிம்பைப் பிடித்தபடியே இருக்கும். பதற்றத்தில் ஏறுக்குமாறாக இழுத்தாலும் தோட்டா சிக்காது. புழுதியும் வியர்வையுமான காட்டில் உயிரைக் காப்பாற்றும் விஷயம் இது.

லண்டனின் ரிக்பி நிறுவனம் இந்த மவுசர் பாகத்தை வாங்கி, நல்ல குழலும் வால்நட் மரக்கட்டையும் பொருத்தி, ஒரு அழகான வேட்டை ரைஃபிளாக விற்றது. 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவுக்கு அவர்கள் வைத்த ஆங்கிலப் பெயர்தான் .275 ரிக்பி. ஜெர்மன் இயந்திரம், லண்டன் கைவேலை.

பெல் எப்படித் தேர்ந்தெடுத்தார்?

எடுத்தவுடன் அவர் ரிக்பியில் நிற்கவில்லை. ஆஸ்திரியாவின் மான்லிக்கர்-ஷோனவர் ரைஃபிளையும் வைத்திருந்தார். 6.5 மில்லிமீட்டர். மிக லேசானது. போல்ட்டை இழுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். அவருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

ஆனா அவருக்குக் கிடைத்த தோட்டாக்கள் சரியில்லை. சில வெடிக்கவே இல்லை. சில தாமதமாக வெடித்தன. யானைக்கு முன்னால் நிற்கிறவருக்கு இது போதும், முடிவெடுக்க. பிடித்த ரைஃபிளை ஓரம் வைத்தார்.

வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் .318 ரைஃபிளையும் பயன்படுத்தினார். கடைசியில் அதிகம் நம்பியது .275 ரிக்பியைத்தான். காரணம் ரைஃபிளை விட அதற்குள் போன தோட்டா. ஜெர்மனியில் ராணுவத் தரத்தில் செய்யப்பட்ட தோட்டா அது. ஒன்றுகூட ஏமாற்றாது என்ற நம்பிக்கை. அவர் சுட்ட யானைகளில் சுமார் 800 இந்த 7 மில்லிமீட்டர் தோட்டாவில் விழுந்தவை.

ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க பெல் பார்த்தது நான்கே விஷயம்:

1. தோட்டா ஒவ்வொரு முறையும் வெடிக்குமா?

2. நாள் முழுக்க என் கையிலேயே வைத்து நடக்க முடியுமா?

3. சுடும்போது உதைக்குப் பயந்து உடம்பு சுருங்காமல் இருக்குமா?

4. குண்டு நெளியாமல், திசை மாறாமல் உள்ளே போகுமா?

மரக்கட்டையின் அழகும் உலோகத்தில் செதுக்கிய பூவேலையும் அந்தப் பட்டியலில் இல்லை.

சின்ன குண்டு யானையை எப்படி வீழ்த்தியது?

அந்த குண்டின் எடை சுமார் 11 கிராம்தான். ஆனா ஒல்லி, நீளம், முழுக்கக் கடினமான உலோக உறை. மான் வேட்டைக்கான குண்டு உடம்பில் பட்டதும் பூ மாதிரி விரியும். இது விரியாது. ஆணி போல நேராகத் துளைத்துக்கொண்டு போகும்.

எங்கே போக வேண்டும் என்பதுதான் கேள்வி. யானையின் தலை பெரிது, மூளை சிறிது. மண்டையோட்டின் பெரும்பகுதி தேன்கூடு மாதிரி காற்றறைகள் நிறைந்த எலும்பு. அதில் எத்தனை பெரிய குண்டு பட்டாலும் மூளையைத் தொடாவிட்டால் யானை சாகாமல் போகலாம்.

பெல் ஒரு யானையின் மண்டையோட்டை நெடுக்காக அறுத்துப் பார்த்தார். மூளை எங்கே இருக்கிறது, பக்கத்தில் இருந்து, எதிரில் இருந்து, பின்னால் இருந்து பார்த்தால் எந்தக் கோணத்தில் வரும் என்று வரைந்தே வைத்துக்கொண்டார். பின்பக்கம் சாய்வாக நின்று சுடும் முறைக்கு இன்றும் வேட்டைக்காரர்கள் அவர் பெயரையே சொல்கிறார்கள்.

கூடவே பயிற்சி. ரைஃபிளை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். நடக்கிற வழியெல்லாம் தோட்டா இல்லாமல் குறிபார்த்துப் பழகுவார். அதாவது, சின்ன ரைஃபிள் தனியாக எதையும் சாதிக்கவில்லை. அதற்குப் பின்னால் ஒரு அறுத்த மண்டையோடும், பல்லாயிரம் மைல் நடையும் இருந்தது.

இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு

.275 ரிக்பி நமக்கு அந்நியமானது இல்லை. குமாவுன் மலையில் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு சொல்லப்பட்ட சம்பாவத் புலியை 1907-ல் ஜிம் கார்பெட் சுட்டார். அதற்காக அன்றைய ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹீவெட் அவருக்குப் பரிசாகக் கொடுத்ததும் இதே வகை ரைஃபிள்தான். பிற்பாடு கார்பெட் கேமராவுக்கு மாறி, புலிகளைக் காப்பாற்றப் பேசினார். 1947-ல் கென்யாவுக்குக் குடிபோய், 1955-ல் அங்கேயே இறந்தார்.

அந்தத் தந்தமெல்லாம் எங்கே போனது?

பியானோ கட்டைகள், பில்லியர்ட்ஸ் பந்துகள், கத்திப்பிடிகள். ஐரோப்பா, அமெரிக்கா வீடுகளின் வரவேற்பறைகளுக்குத்தான் போனது. பெல்லுக்கு வேட்டை ஒரு வியாபாரம். எத்தனை யானை, எத்தனை தோட்டா, எவ்வளவு தந்தம் என்று கணக்கு எழுதினார். அதனால்தான் 1,011 என்று ஒற்றை எண் வரை நமக்குத் தெரிகிறது. அதில் 983 ஆண் யானைகள், 28 பெண் யானைகள்.

அவருடைய தேர்வின் இன்னொரு பக்கம் இது. லேசான ரைஃபிள் என்பதால் அதிக தூரம் போக முடிந்தது. சத்தமும் குறைவு என்பதால் மந்தை உடனே கலைந்து ஓடவில்லை. யானைக்கு வலி குறைவாக இருந்திருக்கலாம். ஆனா யானைகளுக்கு ஆபத்து கூடத்தான் செய்தது. திறமை கூடக்கூட, காடு வேகமாகக் காலியானது.

போரும் கடைசி நாட்களும்

முதல் உலகப் போர் வந்ததும் பெல் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். கிழக்கு ஆப்பிரிக்காவிலும், பிறகு கிரேக்கத்தின் சலோனிகா முனையிலும் பறந்தார். மிலிட்டரி கிராஸ் பதக்கமும் கிடைத்தது.

1923-ல் தன் வேட்டை வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். படங்களும் அவர் வரைந்தவையே. பிறகு ஸ்காட்லாந்தின் கார்வ் பகுதியில் மனைவியோடு குடியேறினார். பாய்மரப் படகுப் பந்தயம், மான் வேட்டை, எழுத்து என்று நாட்கள் போயின. 1954 ஜூன் 30-ல் மாரடைப்பில் இறந்தார்.

இன்று அதே ரைஃபிளோடு போனால்?

கென்யா 1977-லேயே விளையாட்டு வேட்டையைத் தடை செய்துவிட்டது. யானை வேட்டைக்கு உரிமம் தரும் நாடுகள் சில இன்னும் உண்டு. ஆனா டான்சானியா உள்ளிட்ட பல நாடுகளில் யானை, காட்டெருமை போன்ற ஆபத்தான விலங்குகளுக்குக் குறைந்தபட்ச அளவு .375. பெல்லின் .275-ஐ வைத்து அங்கே யானையைச் சுட்டால் அது சட்ட மீறல்.

இந்த விதி பெல்லைத் தப்பு என்று சொல்லவில்லை. எல்லாரும் பெல் இல்லை என்று சொல்கிறது. சில நாள் பயணமாக வருகிறவர் குறி தவறினால், காயம்பட்ட யானை பல நாள் துடிக்கும். அல்லது வழியில் வருகிற ஏதோ ஒரு கிராமத்து ஆளை மிதிக்கும். பெல்லின் ரைஃபிளை வாங்கிவிடலாம். அவர் பல வருஷம் நடந்து கற்ற பாடத்தைக் கடையில் வாங்க முடியாது.

1989-ல் தந்தத்தின் சர்வதேச வணிகத்துக்குத் தடை விதிக்க உலக நாடுகள் முடிவு செய்தன. 2016-ல் வெளியான கணக்குப்படி ஆப்பிரிக்காவில் மிச்சம் இருந்தவை சுமார் 4.15 லட்சம் யானைகள். பெல்லுக்குப் பெயர் கொடுத்த கரமோஜாவில் இன்று கிடெபோ பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா இருக்கிறது. உகாண்டா விடுதலை அடைந்த 1962-ம் ஆண்டு அது உருவானது. அங்கே இப்போதும் யானைகள் மந்தையாக நடக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் தூக்கிக்கொண்டு வருவது கேமராவை.